தம்பியின் காருக்கு வைத்த பொட்டு

போன வருடம் ஆவணி மாதம், எங்கள் பிள்ளையார் கோயிலில் கொடியேறியிருந்த நேரம் இது நடந்தது. இடம், உடுப்பிட்டியில் எங்கள் வீட்டு முற்றம். முற்றம் என்று பேர்தான், அதில் பாதியை ஒரு கார் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் காரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டேன், இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் பயப்படுகிறவள் நான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்தால், அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். பருத்தித்துறைக்குப் பஸ் ஏறினால், கதவைப் பூட்டினேனா என்ற கேள்வி எனக்கு முன்னால் சீற்றில் வந்து உட்கார்ந்துவிடும். இப்படிப்பட்ட என்னிடம்தான் என் தம்பி தன் காரை விட்டுவிட்டுப் போனான்.

தம்பி என்றால் எனக்கு ஒரே தம்பி. அப்பா நேரத்தோடு காலமாகிவிட்டார். சண்டைக் காலத்தில் நாங்கள் ஊரைவிட்டு நடந்து திரிந்தபோது அம்மாவும் படுக்கையில் விழுந்து, பிறகு எழும்பவேயில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டது அப்போதுதான். தம்பிக்கு நாலு வயது. அவனிடம் ஒரு பிளாஸ்ரிக் கார் இருந்தது. ஊரைவிட்டுப் போன வழியில் அதன் சில்லு ஒன்று கழன்று எங்கோ விழுந்துவிட்டது. எல்லாரும் வீட்டுக்கும் மாட்டுக்கும் அழுதுகொண்டு நடக்க, இவன் அந்தச் சில்லுக்கு அழுதுகொண்டு நடந்தான். ஒரு கடை வாசலில் கிடந்த சோடா மூடியை எடுத்து, ஆணியால் துளை போட்டு நான் பூட்டிக் கொடுத்தேன். கார் நொண்டி நொண்டி ஓடியது. அழுகை நின்றது.

பத்தொன்பது வயதில் கனடாவுக்குப் போனான். அதற்குப் பிறகு நீண்ட காலம் வர முடியாமல் இருந்து, ஒருவழியாக வந்தபோது கொழும்பில் யாரிடமோ சொல்லிவைத்து ஒரு காரை வாங்கிக்கொண்டுதான் ஊருக்குள் வந்தான். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். கருநீலம். நிலத்தோடு நிலமாக இருக்கும். எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் அது வந்தபோது, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டதாம்.

ஒரு மாதம் நின்றான். தினமும் அதில் ஓடித் திரிந்தான். என்னையும் ஏறச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்குப் பயம். குனிந்து ஏறும்போது கால் பட்டுக் கதவில் கீறல் விழுந்தால், சேலையில் ஒட்டியிருக்கிற மண் சீற்றில் பட்டால் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டுச் சொன்னேன். பிறகு ஏறலாம், பிறகு ஏறலாம் என்று இருக்க அவன் போகிற நாள் வந்துவிட்டது. அடுத்த திருவிழாவுக்கு வருவேன், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கார்த் திறப்பை என் கையில் தந்தான்.

பார்த்துக்கொள்வது எப்படி என்று அவன் சொல்லித் தந்த விதம் இன்னும் மனதில் நிற்கிறது. காகம் எச்சமிட்டால் உடனே ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தூசியை வெறுந்துணியால் துடைக்கவே கூடாது, முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை ஓடவிட வேண்டும். துடைக்கிற துணி கீழே விழுந்தால் அது பிறகு காருக்கு ஆகாது. சில்லின் றிம்முக்கு ஒரு துணி, மேலுக்கு வேறு துணி. கார் ஒரே இடத்தில் நின்றால் ரயர் தட்டையாகிவிடும், இடைக்கிடை முன்னுக்குப் பின்னுக்கு அசைக்க வேண்டும். இவன் கனடாவில் கந்தோரில் மேசைக்கு முன்னால் இருந்து வேலை செய்கிறவன், இதெல்லாம் எங்கே படித்தான் என்று எனக்குள் ஒரு கேள்வி. கேட்கவில்லை.

அவன் போன பிறகுதான் எங்கள் வளவில் காருக்கு எத்தனை எதிரிகள் இருக்கிறார்கள் என்று கண்டுகொண்டேன். முதலாவது எதிரி நான்தான். சோளகக் காற்றுக்கு மண் அள்ளி அடிக்கிறதே என்று பழைய படுக்கை விரிப்பை எடுத்துப் போர்த்துக் கட்டினேன். காற்றுக்கு அது அடித்து அடித்து, உள்ளே போன மண்ணால் பின்பக்கத்தை மெல்லிதாக உரஞ்சிவிட்டது. வெயிலில் தலையைச் சரித்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு மழை நாளிலும் தெரிந்தது. விரிப்பை எறிந்துவிட்டுத் தகரம் போட்டு ஒரு கொட்டில் போடுவித்தேன். அடுத்தது கிணற்றுத் தண்ணீர். எங்கள் தண்ணீரில், கொதிக்க வைக்கிற கேத்தலே வெள்ளை படிந்துபோய்க் கிடக்கும். கழுவிக் காயவிட்டால் கருநீலத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அதனால் மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வைத்தேன். அந்தத் தண்ணீரில் நான் ஒருநாள்கூடத் தலை முழுகவில்லை. கடல் பக்கமிருந்து வருகிற உப்புக் காற்று றிம்மைத் தின்னும் என்றான். அதற்காக நாலு சில்லையும் குந்தியிருந்து கழுவி, இடுக்கு இடுக்காகத் துடைப்பேன்.

பக்கத்து வீட்டுச் சேவலின் கதை தனி. கார்க் கதவின் மினுக்கத்தில் தன்னையே பார்த்துவிட்டு, இன்னொரு சேவல் வந்து நிற்கிறது என்று கொத்தத் தொடங்கியது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அன்றைக்கே அந்தக் கதவுக்கு முன்னால் சாக்கைத் தொங்கவிட்டேன். சேவல் அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் வந்து, எதிரியைத் தேடிவிட்டுப் போனது.

காரை அசைக்க ஆள் வேண்டுமே. அடுத்த ஒழுங்கையில் இருக்கிற ஓட்டோ ஓட்டும் அண்ணைதான் வருவார். நல்ல மனிதர், ஆனால் கட்டை. தம்பியின் கால் நீளம், அவன் வைத்துவிட்டுப் போன அளவில் சீற் பின்னுக்கு இருக்கிறது. அண்ணையின் கால் பெடலைத் தொடாது. சீற்றை முன்னுக்கு இழுத்தால் போச்சு என்றார். நான் விடவில்லை. தம்பி இருந்த இருப்பு மாறக்கூடாது என்று எனக்கு. கடைசியில் என் தலையணையைக் கொண்டுவந்து அவருக்கு முதுகுக்கு வைத்தேன்.

“பிள்ளை, நான் கார் ஓட வந்தனானோ, ஆசுப்பத்திரியிலை படுக்க வந்தனானோ?” என்று கேட்டுவிட்டு, தலையணையோடுதான் அவர் நாலு வருடமும் காரை அசைத்தார்.

ஓம், நாலு வருடம். அடுத்த திருவிழா என்றவன் வரவில்லை. ஒரு வருடம் வேலை, ஒரு வருடம் இங்கே பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம், ஒரு வருடம் அவனுடைய மகளுக்குச் சுகமில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பான். எடுத்ததும் முதல் கேள்வி, கார் எப்படி இருக்கிறது என்பதுதான்.

எனக்கும் அவனுக்கும் கதைப்பதற்கு வேறு என்ன இருந்தது? அவனுடைய வேலை எனக்கு விளங்காது. அவனுடைய பிள்ளைகளின் தமிழ் எனக்கும் என் தமிழ் அவர்களுக்கும் பாதி பாதிதான் விளங்கும். அம்மாவைப் பற்றிக் கதைத்தால் இரண்டு பேரும் வேறு கதைக்கு மாறிவிடுவோம். கார் என்றால் மட்டும் கதை ஓடும். காகத்தில் தொடங்கி சேவலுக்கு வந்து, தென்னையில் இரண்டு ஓலை காய்ந்து தொங்குகிறது, கொட்டில் பக்கம் விழுந்தால் என்ன செய்வது என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். சில ஞாயிறுகளில் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்போது இல்லாத ஒரு பயத்தையும் உண்டாக்கிச் சொல்வேன். போன் வைக்கிற நேரம் தள்ளிப் போகுமே.

இதற்கிடையில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கார் வந்த புதிதில் ஐயர் பூசை செய்து முன்மூடியின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டார். அது காய்ந்து உதிர்ந்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அதே இடத்தில் நானே வைத்தேன். அதற்கடுத்த வெள்ளியும் வைத்தேன். வைக்கும்போது மனதுக்குள், இந்தக் காரில் ஒரு கீறலும் விழாமல் நான் காப்பாற்றிக் கொடுக்கிறேன், நீ அவனைக் கொண்டுவந்து சேர் என்று பிள்ளையாரிடம் சொல்வேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. நேர்த்தி என்று சொல்லவும் பயம். ஆனால் அதை நேர்த்தியாகத்தான் வைத்திருந்தேன். அதனால்தான் ஒரு சின்னக் கீறலைக் கண்டாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். காருக்காக இல்லை, அவன் வருவானா இல்லையா என்பதற்காக.

போன வருடம் ஆடியில் ஒரு ஞாயிறு, அக்கா நான் வாறன் என்றான். ரிக்கற் போட்டாயிற்றாம். தனியாகத்தான், பத்து நாள்தான் லீவு. போனை வைத்துவிட்டு நேரே கொட்டிலுக்குப் போனேன். அவன் வந்து பார்க்கும்போது கார் அவன் விட்டுப்போனபடியே இருக்க வேண்டும் என்று மழைத் தண்ணீர்ப் பீப்பாயைத் திறந்து கழுவத் தொடங்கினேன். இதுவரை பொட்டை விட்டுச் சுற்றித்தான் கழுவியிருந்தேன், அன்றைக்கு அதையும் ஊறவிட்டு எடுத்தேன். எடுத்த இடத்தில் இன்னொரு பொட்டு இருந்தது.

அழுக்கு என்று நினைத்துத் திரும்பவும் கழுவினேன். போகவில்லை. சதக்காசு அளவில் வெளிறிய ஒரு வட்டம், அதைச் சுற்றி மங்கலான ஒரு மஞ்சள் கரை. நாலு வருட வெள்ளிகளும் ஒரே இடத்தில் காய்ந்து காய்ந்து பெயின்றுக்குள் இறங்கியிருந்தன. காகத்திடமிருந்தும் சேவலிடமிருந்தும் உப்பிலிருந்தும் காப்பாற்றின காரில், எவர் கண்ணுக்கும் படுகிற ஒரு வடு இருந்தது என்றால் அது என் விரலால் வந்தது. அதுவும் முன்னால், நட்ட நடுவில், ஒரு நெற்றியில் இருக்கிற மாதிரி.

ஓட்டோ அண்ணை வந்து பார்த்தார். தேய்த்துப் பார்க்கலாம் என்றார். தேய்த்தால் இன்னும் போய்விடும் என்று நான் விடவில்லை. வந்து பார்த்தால் தம்பி என்ன சொல்வான் என்பதைவிட, என் நேர்த்தி முறிந்துவிட்டது, இனி வரப்போகிறவனுக்கு வழியில் என்ன நடக்குமோ என்றுதான் எனக்குப் பதறியது. அவன் கொழும்பில் இறங்கிவிட்டேன் என்று சொல்லும்வரை நான் சோற்றை ஒழுங்காகத் தின்னவில்லை. அதற்குப் பிறகு ஒரு யோசனை வந்தது. நிறையச் சந்தனம் குழைத்து, வட்டம் மறையும்படி பெரிய பொட்டாக ஒன்று வைத்துவிட்டேன்.

வந்தான். தலையில் நரை. கொஞ்சம் மெலிந்திருந்தான். படலையில் நின்று என்னைக் கட்டிப்பிடித்தபோது, நேரில் என்ன கதைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. காரைப் போய்ப் பார் என்றேன். சுற்றி வந்து பார்த்தான். குந்தியிருந்து றிம்மைத் தடவினான். பொட்டைக் கண்டு சிரித்தான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

இரண்டு நாள் போனது. கோயிலுக்குப் போனோம், சொந்தக்காரர் வந்தார்கள், போனார்கள். காரை அவன் எடுக்கவேயில்லை. மூன்றாம் நாள் காலமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, குனிந்தபடியே சொன்னான்.

“அக்கா, காரை விக்கப் போறன். கோப்பாயிலையிருந்து ஒருத்தர் இண்டைக்குப் பாக்க வாறார்.”

கோப்பையைக் கீழே வைத்தேன்.

“உங்களுக்கு நான் சரியான கரைச்சல் குடுத்துப்போட்டன். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் காகமெண்டும் ஓலையெண்டும் பயந்து பயந்து கதைக்கிறதைக் கேட்டிட்டு, எனக்கு அங்கை நித்திரை வராது. ஒரு காரைத் தலையிலை கட்டிவிட்டிட்டுப் போயிட்டன் எண்டு. இனி நீங்கள் நிம்மதியா இருங்கோ.”

இதற்காகத்தான் இந்தமுறை கட்டாயம் வரவேண்டும் என்று வந்தானாம்.

என்ன சொல்ல முடியும்? அந்தப் பயங்களை நீட்டி நீட்டிச் சொன்னது உன் குரலை வைத்திருக்கத்தான் என்று எப்படிச் சொல்வது? கார் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து என்ன கேட்பான்? முதலில் இரண்டு ஞாயிறு, சாப்பிட்டீங்களோ, சுகமோ என்று கேட்பான். நானும் ஓம் ஓம் என்பேன். பிறகு மாதத்தில் ஒரு தரம். பிறகு தைப்பொங்கலுக்கும் சித்திரை வருசத்துக்கும். எத்தனையோ வீடுகளில் நான் பார்த்ததுதானே. இவ்வளவும் நெஞ்சுக்குள் ஓட, வாயில் வந்தது, உன்ரை விருப்பம் தம்பி என்பது மட்டும்தான்.

மத்தியானத்துக்கு முன்னால் கோப்பாய்க்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கலியாணத்துக்கு மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றக் கார்கள் வாடகைக்கு விடுகிற ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். போன் வெளிச்சத்தை அடித்து அடித்துக் காரைச் சுற்றி வந்தார். சில்லுக்குப் பக்கத்தில் படுத்தே பார்த்தார். எழும்பி உடம்பைத் தட்டிக்கொண்டு, இப்படி வைத்திருந்த காரைத் தான் யாழ்ப்பாணத்தில் கண்டதில்லை என்றார். யார் பார்த்தது என்று கேட்டார். தம்பி என்னைக் காட்டினான். எனக்கு அந்தப் புகழ்ச்சி ஒன்றும் ஏறவில்லை. அவருடைய கண் எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனது. பொட்டுக்கு முன்னால் வந்து நின்றார். கையிலிருந்த துணியை நனைத்துப் பொட்டைத் துடைத்தார். துணியை எடுத்துவிட்டுப் பார்த்தார். திரும்பத் துடைத்தார்.

“அண்ணை, இஞ்சை ஒரு வட்டம் கிடக்கு. இதென்ன?”

தம்பி குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அக்கா, உதென்ன என்று மெல்லமாகத்தான் கேட்டான். காகம், வெயில், தண்ணீர் என்று சொல்ல எனக்கு நூறு சாட்டு இருந்தது.

“நான்தான் தம்பி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பொட்டு வைச்சனான். நீ வரவேணுமெண்டு.”

பக்கத்து வளவில் சேவல் கூவியது. தம்பி பெருவிரலை எடுத்து அந்த வட்டத்துக்குள் வைத்தான். சரியாகப் பொருந்தியது. எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். கோப்பாய்க்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது ஒரு பெரிய விசயமே இல்லை, தன்னிடம் மினுக்குகிற ஆள் இருக்கிறார், ஒரு நாளில் உரஞ்சி அழித்துவிடலாம், இதற்காக விலையில்கூட ஒன்றும் குறைக்க மாட்டேன் என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

“அழிக்க வேண்டாம். நான் விக்கேல்லை. குறை நினைக்காதையுங்கோ” என்று தம்பி அவரிடம் சொன்னான்.

அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “அப்ப நான் கோப்பாயிலையிருந்து இவ்வளவு தூரம் பொட்டுப் பாக்கத்தானோ வந்தனான்?” என்றார். கோபம் இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, விற்கிற எண்ணம் வந்தால் முதலில் தன்னிடம் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

படலையைச் சாத்திவிட்டு வந்த தம்பி, ஏறுங்கோ அக்கா என்றான். நான் என் சேலையைப் பார்த்தேன். காலைப் பார்த்தேன். காலைக் கழுவிக்கொண்டு வாறன் என்றேன். கழுவ வேண்டாம், அப்படியே ஏறுங்கோ என்றான். கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கி உட்கார்ந்தேன். என் முழங்கால் இடிக்கிறது என்று கண்டு, குனிந்து என் சீற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டான். நாலு வருடம் நான் கழுவின கார் அது. உள்ளே இருந்து பார்த்தால் எங்கள் வீடு எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பருத்தித்துறைக் கடற்கரை வீதியால் போனோம். கண்ணாடியை இறக்கிவிட்டான். உப்புக் காற்று உள்ளே வந்து எல்லா இடத்திலும் படிந்தது. முதலில் அதைத்தான் யோசித்தேன், பிறகு மறந்துவிட்டேன். அவன் கதைத்தான். காரைப் பற்றி இல்லை. கனடாவுக்குப் போன முதல் வருடங்களில் தனக்குக் கந்தோர் வேலை இல்லை என்றான். கார் கழுவுகிற இடத்தில்தான் நின்றானாம். பனிக்குளிரில் கைவிரல் மரத்துப் போகுமாம். எனக்குத் தெரிந்தால் நான் பயப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

“இப்பிடிக் கார்தான் அக்கா வரும். துணி மாத்தி மாத்தித் துடைப்பன். ஒரு கீறல் விழுந்தால் வேலை போயிடும். ஒண்டிலையும் ஏறி இருந்ததில்லை.”

அவன் எங்கே படித்தான் என்று நான் யோசித்த பாடம் அதுதான். என் கைகளைப் பார்த்தேன். நான் கேட்டுக்கேட்டுச் செய்தது எல்லாம், அவன் அங்கே யாரோ ஒருவனுடைய காருக்குச் செய்தது. அவனும் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. ஒரே வேலையைத்தான் அக்காவும் தம்பியும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து செய்திருக்கிறோம் என்று நினைக்க, அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

திரும்பி வந்து ஒழுங்கைக்குள் திருப்பும்போது, மதகுக்குப் பக்கத்தில் ஒரு ஆடு குறுக்கே நின்றது. தம்பி ஒதுக்கினான். என் பக்கத்து முன்சில்லு மதகின் சீமெந்துக் கட்டோடு உரஞ்சியது. அந்தக் கிறீச் என்ற சத்தத்தை நாலு வருடம் நான் கனவில் கேட்டிருக்கிறேன். இறங்கிப் பார்த்தோம். றிம்மின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சீவிவிட்ட மாதிரி வெள்ளைக் கீறல். தம்பி குந்தியிருந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு, முகத்தை நிமிர்த்தினான். நாலு வயதுப் பிள்ளையின் முகம்.

“அக்கா, சோடா மூடி ஒண்டு கிடைக்குமோ?”

அவனுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. மதகில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு வேறாக மாறியபோது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆடு மட்டும் விலகாமல் அப்படியே நின்று எங்களைப் பார்த்தது.

மீதி நாளெல்லாம் பின்னேரத்தில் இரண்டு பேரும் காரில் போனோம். போகிற நாள் காலமை, அவனே காரைக் கழுவினான். நான் தண்ணீர் ஊற்றினேன். துணி ஒன்று கீழே விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், அது இனி ஆகாது என்றோம்.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. றிம்மைத் திருத்த யாழ்ப்பாண ரவுணில் ஆள் இருக்கிறதாம், காசு அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். கழுவும்போது அந்தக் கீறலுக்கு மட்டும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசி விடுகிறேன், உப்புப் பிடிக்காமல். ஓட்டோ அண்ணை இன்னும் தலையணையோடுதான் வருகிறார். பக்கத்துச் சீற்றையும் அசைக்க விடுவதில்லை. அது இப்போது என் அளவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் தம்பி கேட்கிற முதல் கேள்வியும் மாறிவிட்டது. பொட்டு வைத்தாயிற்றோ என்று கேட்கிறான்.

இந்த வருடத் திருவிழாவுக்கு அவனால் வர முடியவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை. அடுத்த வருடம் கட்டாயம் என்கிறான். ஓம் தம்பி என்கிறேன். கொடியேறிய அன்றைக்குக் காரை முற்றத்துக்கு எடுப்பித்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே இருந்தேன். கோயில் மேளம் கேட்டது. பக்கத்தில் தம்பியின் சீற் பின்னுக்குத் தள்ளினபடி, அவ்வளவு நீளக் காலுக்கு இடம் விட்டு, வெறுமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் சந்தனம் குழைக்கிறேன். பெயின்றில் வைப்பதில்லை, முன்கண்ணாடியில் வைக்கிறேன். கண்ணாடி கறை பிடிக்காது, துடைத்தால் போய்விடும். ஆனால் அந்தப் பழைய வட்டத்தின் மேல் விரலை ஒருதரம் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். ஒரு கீறலும் விழாமல் காப்பாற்றுகிறேன், அவனைக் கொண்டுவா என்று நாலு வருடம் கேட்டவள், எத்தனை கீறல் விழுந்தாலும் சரி, அவனைக் கொண்டுவா என்றுதான் இப்போது கேட்கிறேன்.